பெயர் மறைந்த முன்னோரும் பேசும் உறுதிகளும்

ஆடி அமாவாசையன்று கீரிமலைக் கரையிலே தந்தையை இழந்தோர் கூடுவதும், சித்திரைப் பூரணையிலே தாயை இழந்தோர் விரதங் காப்பதும் எம்மவரிடையே வழிவழி வந்த வழக்கம். எள்ளும் நீரும் இறைக்கும் வேளையிலே குருக்கள் மூன்று தலைமுறைப் பெயரைக் கேட்பார். தந்தை பெயரைச் சொல்ல எவரும் தயங்குவதில்லை. பாட்டன் பெயரும் பெரும்பாலும் வந்துவிடும். பூட்டன் பெயரைக் கேட்டவுடன், பக்கத்தில் நிற்கும் சிறிய தகப்பனாரின் முகத்தைப் பார்ப்பவரே அதிகம். தாய்வழியில் மூவர் பெயரைக் கேட்டாலோ தடுமாற்றம் இன்னும் பெரிது. எழுத்தறிவிலே பிற்பட்ட சமூகமன்று எம்முடையது. ஏடும் உறுதியும் எண்ணற்றவை எழுதிய சமூகம். அவ்வாறிருந்தும் நூறு, நூற்றைம்பது ஆண்டுக்குள் வாழ்ந்து மறைந்தவர்களையே நாம் தொலைத்து நிற்கின்றோம். குடும்ப வரலாற்றைத் தேடப் புகுந்தோர் எங்கே முட்டுப்படுகின்றனர், அம்முட்டுகளைக் கடக்க எவ்வழிகள் உண்டு என்பவற்றை யாழ்ப்பாணத்தை முதன்மையாகக் கொண்டு இங்கே ஆராய விரும்புகின்றேன்.

முதல் முட்டு எமது பெயரிடும் முறையிலேயே இருக்கின்றது. மேனாட்டாருக்குள்ளது போன்ற குடும்பப் பெயர் எமக்கில்லை. தந்தையின் பெயர் மகனுக்கு முன்னெழுத்தாகி, அடுத்த தலைமுறையிலே மறைந்து போகின்றது. அதன்மேல், பாட்டன் பெயரைப் பெயரனுக்கு இடும் வழக்கமும் உண்டு. பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்ததன்றோ? கந்தர் மகன் வேலர், வேலர் மகன் கந்தர், அவர் மகன் மீண்டும் வேலர் என்று ஒரு குடும்பம் இருநூறு ஆண்டை இரண்டே பெயர்களால் நடத்தி முடித்துவிடும். கந்தருக்கு ஆண்மக்கள் நால்வர் எனின், அந்நால்வரும் தத்தம் மூத்த மகனுக்குக் கந்தர் என்றே பெயரிடுவர். ஆகவே ஒரே குறிச்சியில் ஒரே காலத்தில் நான்கு கந்தர் இருப்பர். எமது கந்தர் அவர்களுள் எவர்? பெயரை மாத்திரம் பற்றிச் செல்பவன் இவ்விடத்திலே நின்றுவிடுகின்றான்.

நின்றவர்கள் நின்றவாறே இருந்தாற் குற்றமில்லை. பலர் அங்கிருந்து ஒரே பாய்ச்சலாகப் பாய்கின்றனர். மாதகல் மயில்வாகனப் புலவர் ஒல்லாந்தர் காலத்திலே இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலையும், அதற்கு முந்திய கைலாயமாலையும், தென்னாட்டிலிருந்து வந்து குடியேறிய தலைவர்கள் இன்னின்ன ஊரில் இருத்தப்பட்டனர் என்று கூறுகின்றன. ஊர்ப் பெயர் ஒத்திருந்தாற் போதும், "நாங்கள் அந்தத் தலைவரின் வழி" என்று வமிசாவளி அச்சேறிவிடும். அத்தலைவர் காலத்துக்கும், பெயர் தெரிந்த பூட்டன் காலத்துக்கும் இடையிலே முந்நூறு, நானூறு ஆண்டு வெறுமையாகக் கிடக்கின்றதே என்று எவரும் கேட்பதில்லை. வைபவமாலை போற்றற்குரிய நூல். ஆயினும் ஒரு குடும்பத்தின் பிறப்பு இறப்புக் கணக்காக அதனைக் கொள்ளுதல் அந்நூலுக்கும் நீதியன்று. தமது பூட்டியின் பெயரை அறியாத ஒருவர், அரசர் காலத்துப் பிரதானியைத் தம் முன்னோர் என்று ஐயமின்றி உரைப்பதை நான் பலமுறை கேட்டிருக்கின்றேன்.

இரண்டாவது முட்டு, ஒருவருக்கே இரு பெயர் இருந்த காலத்தினால் வந்தது. 1619இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய பறங்கியரும், 1658இல் அவர்களை வென்ற ஒல்லாந்தரும் தத்தம் சமயத்துக்கு மக்களைச் சேர்த்தனர். ஒல்லாந்தர் ஆட்சியிலே கோயிற்பற்றுத் தோறும் ஆலயமும் பாடசாலையும் இருந்தன. ஞானஸ்நானம் பெற்றவர் பெயர்களும், விவாகம் செய்தவர் பெயர்களும் அங்கே பதியப்பட்டன. யாழ்ப்பாணத்திலே போதகராக இருந்த பல்தேயு பாதிரியார், 1672இல் வெளிவந்த தமது நூலிலே தெல்லிப்பழை, மல்லாகம், வட்டுக்கோட்டை முதலிய ஊர்களின் ஆலயங்களை விவரித்திருக்கின்றார். உத்தியோகம் பெறவும், விவாகத்தை அரசு ஏற்கவும் அச்சமயம் வேண்டப்பட்டமையால், பதிவேட்டில் ஒரு பெயரும் வீட்டில் ஒரு பெயருமாக எம்முன்னோர் வாழ்ந்தனர். முதலியார் பதவியிலிருந்தோர் "தொன்" என்ற அடைமொழியோடு ஒரு பறங்கிப் பெயரையும், அதன்பின் தமிழ்ப் பெயரையும் வைத்திருந்தனர். 1795இல் ஆங்கிலேயர் வந்தபின் அக்கட்டாயம் தளர்ந்தது. பெருந்தொகையினர் வெளிப்படையாகச் சைவத்துக்கு மீண்டனர். பறங்கிப் பெயரும் உதிர்ந்து போயிற்று. ஆகவே தந்தை ஏட்டிலே ஒரு தொன் பிலிப்பாகவும், மகன் வேறோர் ஏட்டிலே வேலாயுதராகவும் காணப்படும்போது, இவர்கள் இரு வேறு குடும்பத்தினர் என்று தேடுபவன் எண்ணி ஏட்டை மூடிவிடுகின்றான். சைவக் குடும்பத்தின் முன்னோரைக் கிறிஸ்தவப் பதிவேட்டிலே தேடுவது முறையன்று என்ற கூச்சமும் சிலருக்கு உண்டு. அக்கூச்சத்துக்கு இடங்கொடுத்தால் அக்கால வரலாற்றிற் பாதியை இழந்துவிடுவோம்.

பெயர் மாற்றத்தின் மூன்றாம் அலை, 1816இல் அமெரிக்க மிசனரிமார் வந்தபின் எழுந்தது. வட்டுக்கோட்டையில் 1823 முதல் 1855 வரை நடந்த செமினறியிலும், 1824இல் தொடங்கிய உடுவில் மகளிர் பாடசாலையிலும் பயின்ற பிள்ளைகளுக்கு, அவர்களுடைய செலவைத் தாங்கிய அமெரிக்க அன்பர்களின் பெயர்களை இடும் வழக்கம் இருந்தது. 1841இல் உதயதாரகைப் பத்திரிகையைத் தொடங்கி நடத்திய ஆசிரியர் இருவரின் பெயர்கள் ஹென்றி மாட்டின், சேத் பேசன் என்பன. பெயரை மாத்திரம் படிக்கும் ஒருவர் இவர்களை வெள்ளைக்காரர் என்றே எண்ணுவர். இருவரும் எங்கள் ஊர்த் தமிழர். பாவலர் சரித்திர தீபகத்தை 1886இல் வெளியிட்ட ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளையும், கறோல் விசுவநாதபிள்ளையும் அவ்வாறு பெயர் பெற்றோரே. மிசன் பாடசாலை ஒன்றிற் படித்த எனக்கு இப்பெயர்கள் சிறுவயதிலேயே பழக்கமாயிருந்தும், அவற்றுக்குப் பின்னே ஒரு தந்தையின் பெயர் மறைந்து கிடக்கின்றதென்பது பிற்காலத்திலேயே விளங்கியது. அமெரிக்காவிலுள்ள ஓர் அன்பரின் பெயரை இங்கே ஒருவர்க்கொருவர் உறவில்லாத இருவர் தாங்குவதும் கூடும். ஆங்கிலப் பெயர் ஒன்றாயிருப்பது கொண்டு உறவு கற்பித்தல் கூடாது.

இவ்விடத்தில் எவரும் அறிந்த ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரித்துச் சொல்லலாம். சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரும், ஏட்டிலிருந்த பழந்தமிழ் நூல்களை அச்சேற்றியவருமாகிய தாமோதரம்பிள்ளை அவர்களைத் தமிழிலே சி. வை. என்றும், ஆங்கிலத்திலே சி. டபிள்யூ. என்றும் எழுதுவர். தமிழ் முன்னெழுத்துகள் சிறுப்பிட்டி என்ற ஊரையும், வைரவநாதர் என்ற தந்தையையும் குறிப்பன. ஆங்கில முன்னெழுத்துகளோ ஒரு மிசன் பெயரைக் குறிப்பன. இரண்டும் ஒருவரையே சுட்டினும், ஒன்று ஊருக்கும் தந்தைக்கும் வழிகாட்டுகின்றது. மற்றையது ஒரு மிசன் வீட்டு வாசலிலே கொண்டுபோய் விடுகின்றது. பிள்ளையவர்கள் புகழ் பெற்றவராதலால் இரண்டையும் இணைத்துப் பார்க்க அறிஞர் இருந்தனர். புகழ் பெறாத ஓர் உபாத்தியாயரோ, எழுதுவினைஞரோ இவ்வாறு இரு பெயரோடு வாழ்ந்து மறைந்திருந்தால் அவரை இணைப்பவர் யார்? அவருடைய பேரப்பிள்ளைகளே இணைத்தல் வேண்டும்.

எவ்வாறு இணைப்பது? பெயர் வழி மறிபட்டவிடத்துக் காணி வழியே செல்லுதல் வேண்டும். இதுவே இக்கட்டுரையில் நான் வற்புறுத்த விரும்புவது. பெயர் மாறும், சமயம் மாறும், உத்தியோகம் மாறும். காணி இருந்தவிடத்திலேயே இருக்கும். அதன் பெயரும் எளிதில் மாறுவதில்லை. யாழ்ப்பாணத்து உறுதி ஒன்றை எடுத்துப் பாருங்கள். காணியின் பெயர், பரப்பு, குழி ஆகியன முதலில் வரும். வரகுப் பரப்பெனின் பரப்புக்குப் பதினெட்டுக் குழி, நெற்பரப்பெனின் பன்னிரண்டு குழி. அடுத்து, எழுதிக் கொடுப்பவருக்கு அக்காணி எவ்வாறு உரித்தாயிற்று என்பது சொல்லப்படும். இன்ன ஆண்டு, இன்ன நொத்தாரிசு முன்னிலையில், இன்ன இலக்க உறுதிப்படி, இன்னாரிடமிருந்து கிடைத்தது என்று அது கூறும். அவ்வுறுதியைக் கண்டுபிடித்தால் அது மேலும் ஒரு தலைமுறை பின்னே அழைத்துச் செல்லும்.

அதன்பின் எல்லைகள். கிழக்கு, வடக்கு, மேற்கு, தெற்கு என்று நான்கு திசையிலும் உள்ள காணிக்காரரின் பெயர்கள். இவற்றைப் பலர் படிப்பதேயில்லை. ஒரு வளவைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்த காலத்திலே, கிழக்கெல்லைக்காரர் சகோதரியாகவும் மேற்கெல்லைக்காரர் சிறிய தகப்பனாகவும் இருத்தல் இயல்பு. வமிசாவளி எழுதாத உறவினரை எல்லை எழுதிவைத்திருக்கும். கடைசியாகக் கிணற்றுப் பங்கு. "கிணற்றில் எட்டில் ஒரு பங்கும், வழி வாய்க்கால் உரிமையும்" என்று ஓர் உறுதியிலே கண்டால், அந்த எட்டுப் பங்கும் எவரெவரிடம் போயின என்று கேளுங்கள். கிணற்றை வெட்டியவர் ஒருவராயின், அவருக்குப் பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களுக்குப் பிள்ளைகள் எத்தனை பேர் என்ற கணக்கு அந்தப் பின்னத்துக்குள்ளே அடங்கியிருத்தல் கூடும். விலைக்கு வாங்கிய பங்கும் இடையிலே கலந்திருக்கலாம். ஆகையால் அதனை உறுதியோடு ஒப்பு நோக்கியே கொள்ளுதல் வேண்டும். கிணற்றுப் பங்கினாற் கோட்டுக்குப் போன உறவினர் பலர். அவர்கள் போட்ட வழக்கு இன்று வரலாறு தேடுபவனுக்கு ஊதியமாயிற்று!

எங்கள் குடும்பத்திலேயே இதற்கு ஒரு சான்று உண்டு. எனது தாய்வழிப் பாட்டியாரின் பெட்டகத்திலே மூன்று பழைய சீதன உறுதிகள் இருந்தன. ஊரும் பெயரும் இங்கே வேண்டியதில்லை. எமது முன்னோராகக் கூறப்பட்ட ஒருவரின் பெயரை ஒரே காலத்தில் அதே குறிச்சியில் இருவர் தாங்கியிருந்தனர். அவர்களுள் எவர் எம்மவர் என்பதிலே இரு பெரியோரிடையே நெடுங்காலமாக விவாதம் நடந்து வந்தது. ஆண்வழி எவ்வளவு தேடியும் விடை கிட்டவில்லை. பாட்டியாரின் உறுதி, அவர் தாயாரின் சீதன உறுதியைச் சுட்டிற்று. அவ்வுறுதி அதற்கு முந்தியதைச் சுட்டிற்று. மூன்றாம் உறுதியிலே சீதனம் கொடுத்த மனைவியின் பெயரும், அவர் கணவரின் பெயரும், கணவருடைய தந்தையின் பெயரும் ஒருங்கே இருந்தன. அதே உறுதியின் வடக்கெல்லையில் மற்றையவரின் பெயர், வேறொரு தந்தை பெயரோடு எழுதப்பட்டிருந்தது. இரு பெரியோரும் உறுதியை ஒருவர் பின் ஒருவராக வாங்கி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தனர். விவாதம் அன்றோடு ஓய்ந்தது.

இங்கே வழி திறந்தது பெண்வழியாலே என்பதைக் கவனித்தல் வேண்டும். இது தற்செயலன்று. ஒல்லாந்தத் திசாவை கிளாஸ் ஐசாக்சு 1707இல் தொகுத்தளித்த தேசவழமை, யாழ்ப்பாணத்தார் ஆதனத்தை முதுசம், சீதனம், தேடியதேட்டம் என மூன்றாக வகுத்துக் கூறுகின்றது. பண்டை வழக்கிலே தந்தையின் முதுசம் ஆண்மக்களுக்கும், தாயின் சீதனம் பெண்மக்களுக்கும் சென்றன. காலப்போக்கில் இவ்வழக்கு நெகிழ்ந்தது. 1911ஆம் ஆண்டுச் சட்டம் அதனை மேலும் மாற்றியது. ஆயினும் தாயிடமிருந்து மகளுக்குச் சீதனமாக வந்த வளவுகள் இன்றும் ஊர்தோறும் உண்டு. ஆண்வழியை எழுதும் எமது வமிசாவளிகளிலே பெண்களின் பெயர் இருப்பதில்லை. "மகள் ஒருவர்" என்று எழுதி அப்பால் நகர்ந்துவிடுகின்றோம். உறுதி எழுதிய நொத்தாரிசுக்கோ அது இயலாது. பெண்ணின் பெயரை எழுதாவிடின் சீதனம் செல்லாதே! குடும்பத்தார் எழுத மறந்த பெண்களை நொத்தாரிசுமார் எழுதிவைத்தனர். மட்டக்களப்புப் பகுதியிலே குடி என்பது தாய்வழியாக வருவதால் அங்குள்ளோர் தாயின் தாயை எளிதிற் சொல்வர். நாம் அதனை அவர்களிடமிருந்து கற்கலாம்.

உறுதி தொலைந்துவிட்டதே என்று கூறுவோர் இன்று பலர். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவிற் புறப்பட்டபோது பெட்டகத்தைத் தூக்கிச் செல்ல எவராலும் முடியவில்லை. அதற்கு முன்னரே, 1981 யூன் மாதத் தொடக்கத்தில், யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழத் தொண்ணூற்றேழாயிரம் நூல்களோடு ஏடுகளும் கையெழுத்துப் படிகளும் சாம்பலாயின. இவை மீளா இழப்புகள். எனினும் உறுதியைப் பொறுத்தவரையில் நம் கையிலிருந்தது ஒரு பிரதி மாத்திரமே. மூலப்படி நொத்தாரிசிடம் இருக்கும். இன்னொரு பிரதி காணிப் பதிவகத்துக்கு அனுப்பப்படும். காணியின் பெயரும் ஊரும் தெரிந்தால் அங்கே தேடிப் பார்க்கலாம். 1867ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னர் எழுதப்பட்ட பிறப்பு, இறப்புப் பதிவுகளும் உண்டு. விவாகப் பதிவை நம்பியிருத்தல் கூடாது. சடங்கு முறையாற் செய்த கலியாணத்தைப் பதியாமல் விட்டோர் ஏராளம்.

இன்னுமோர் ஊற்று எங்கள் வீட்டுப் பரண்களிலேயே கிடக்கின்றது. அந்தியேட்டி அன்று வெளியிடும் நினைவு மலரைக் கல்வெட்டு என்று அழைக்கின்றோம். தேவாரமும் திருவாசகமும் முதலில் வர, அதன்பின் இறந்தவரின் வமிச வரலாறு செய்யுளாகவோ உரையாகவோ வரும். புகழ்ச்சியை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், மருமக்கள், சகலர், மைத்துனர் என்று உறவின் வலை முழுவதும் அதிலே இருக்கும். மலாயாப் புகையிரதப் பகுதிக்கும் கந்தோர்களுக்கும் போய் அங்கேயே தங்கிவிட்டவரின் பெயரை வேறெங்கும் காணமுடியாதவிடத்துக் கல்வெட்டிலே கண்டவர் உண்டு. 2005இல் தொடங்கிய நூலக நிறுவனம் இம்மலர்கள் பலவற்றை எண்ணிம வடிவிலே சேர்த்து வைத்திருப்பது பாராட்டுக்குரியது. கடல் கடந்து வாழும் பிள்ளைகளும் அவற்றை இருந்தவிடத்திலிருந்தே படிக்கலாம்.

இவ்வளவும் காணி உடையவர்க்கே பொருந்தும் என்று ஒருவர் கேட்டால் அவர் கேட்பது நியாயமே. உறுதியிலே பெயர் வராதவர் எம்மூரிலே எத்தனை பேர்! தேசவழமையிலேயே அடிமைகளைப் பற்றிய ஒரு பகுதி இருக்கின்றது. 1818ஆம் ஆண்டு ஒழுங்கின்படி இலங்கையிலே அடிமைகளுக்கெனப் பதிவேடு எழுதினர். 1832 வரையுள்ள அவ்வேடுகள் இலண்டனிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அவற்றிலே உடையவர் பெயரும் உண்டு. உடைமையாகக் கருதப்பட்டோர் பெயரும் உண்டு. 1844இல் அடிமை முறை சட்டத்தால் ஒழிந்தது. ஒரு குடும்பத்தின் பூட்டன் பெயர் உறுதியிலும், அவர் வளவிலே உழைத்தவரின் பெயர் இந்த ஏட்டிலும் எழுதப்பட்டிருக்கும். முன்னவரைத் தேடுவோர் பின்னவரைக் கண்டும் காணாதது போலச் செல்லுதல் தகாது. அவ்வேட்டிலே தம் முன்னோரைத் தேடும் உரிமையுடையோர் எமது ஊரிலும், எமது சங்கத்திலும் இருக்கின்றனர்.

முன்னோரின் பெயரை மெய்ப்பிக்க முடியாமை, ஒரு மக்கட் கூட்டத்தின் வாழ்வையே தொட்டதையும் இந்நாடு கண்டது. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம், இலங்கையிற் பிறந்திருந்தாலும் தந்தையும் இங்கே பிறந்தவர் என்று, அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்று காட்டுமாறு கேட்டது. கோப்பித் தோட்டத்துக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் தமிழகத்திலிருந்து வந்தவர்களின் மக்களிடம் அத்தகைய பத்திரங்கள் ஏது? லயத்திலே பிறந்து லயத்திலே இறந்த பாட்டனுக்கு எவர் பிறப்புப் பத்திரம் எடுத்து வைத்தனர்? பல இலட்சம் பேர் நாடற்றவராயினர். 1964இல் எழுதப்பட்ட ஒப்பந்தமும் அவர்களை இரு நாடுகளுக்குப் பங்கிட்டதேயன்றி வினாவைத் தீர்க்கவில்லை. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் எஞ்சியோர்க்கும் உரிமை கிடைத்தது. யாழ்ப்பாணத்திலே குடும்ப வரலாறு ஓய்வுபெற்றோரின் பொழுதுபோக்கு என்று நகைப்போர், மலையகத்திலே ஒரு பாட்டனின் பெயரும் பிறந்த இடமும் எவ்வளவு விலை பெற்றிருந்தன என்பதை அறிதல் நன்று.

எமது சங்கத்து நூல்நிலையத்திலே கல்வெட்டு மலர்களுக்கென ஓர் அலுமாரியை ஒதுக்குதல் பெருஞ் செலவில்லாத காரியம். உறுதிகளை எவரும் சங்கத்துக்குக் கொடுக்க வேண்டியதில்லை. எல்லையும், கிணற்றுப் பங்கும், உரித்து வந்த வழியும் எழுதிய ஒரு பக்கக் குறிப்புப் போதும். உறுதி இல்லாத வீடுகளிலே முதியோர் சொல்வதை அவ்வாறே எழுதி, சொன்னவர் பெயரையும் நாளையும் அடியிற் குறித்து வைக்கலாம். இப்பணியை அங்கத்தவர் வரும் விடுமுறையிலேயே தொடங்கலாம். முதலிலே போக வேண்டியது பாட்டிமாரிடம். "பாட்டனார் பெயர் என்ன?" என்று கேட்டால் ஒரு சொல்லில் மறுமொழி வரும். "ஆச்சி, இந்தக் கிணற்றிலே எங்களுக்கு எத்தனை பங்கு, அது ஆர் வழியாக வந்தது?" என்று கேளுங்கள்; மாலை விளக்கேற்றும் வரையும் ஆச்சி கதை சொல்வார்.